எந்த ஓகன் வாங்கலாம்? இடது கையிடம் கேளுங்கள்

போன மாதம் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, ஓகன், அதாவது கீபோர்ட், வாங்குவது பற்றிக் கேட்கப் போன் எடுத்தான்.

"அண்ணே, ஒரு ஓகன் பாத்து வச்சிருக்கேன். அறுநூறு சவுண்ட் இருக்குன்னு கடையில சொல்றாங்க. எடுக்கலாமா?"

"நீ என்ன பாட்டு வாசிக்கப் போற?"

"எல்லாந்தாண்ணே."

"எல்லாம்னா? கோயில் பாட்டா, கல்யாண வீடா, சர்ச்சா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. சவுண்ட் எத்தனை, விலை எவ்வளவு, கறுப்பு நிறமா வெள்ளி நிறமா என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாட்டு மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் ஓகனை அப்படித்தான் வாங்கினேன். கடையில் டெமோ பட்டனை அழுத்தினார்கள், பெட்டி ஒரு முழு இசைக்குழுவாக முழங்கியது, அங்கேயே விழுந்துவிட்டேன். தோட்டத்துக்குத் தூக்கிவந்து மாரியம்மன் திருவிழாவில் முதல் பாட்டை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் தாளங்களில் எங்கள் பாட்டின் நடைக்கு ஒத்துவந்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் வைத்துத்தான் திருவிழா முழுக்க ஓட்டினேன்.

"ஓகன் தானா வாசிக்கும், விரல வச்சா போதும்" என்பது ஊரில் உலவும் ஒரு பேச்சு. "சவுண்ட் கூடக் கூட நல்ல ஓகன்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பிக் காசைக் கொட்டியவர்கள் நிறைய. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாக வரும். இசை படித்திராதவர்களுக்கும் புரியும்படியே சொல்லப் பார்க்கிறேன்.

## ஒரே பெயர், வேறு வேறு பெட்டிகள்

மலையகத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டை வைத்த எதுவும் ஓகன்தான். கடைக்காரர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று சாதிப் பெட்டிகள் இருக்கின்றன.

டிஜிட்டல் பியானோ ஒன்று. 88 கட்டைகள், ஒவ்வொன்றும் உண்மைப் பியானோபோலக் கனமாக இறங்கும். மேலைத்தேய சங்கீதப் பரீட்சைக்குப் பியானோ படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது இதுதான். அந்தப் பிள்ளைக்கு 61 இலேசான கட்டைகள் உள்ள பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு "விரல் பலம் வரலியே" என்று திட்டுவதில் நியாயமில்லை.

சிந்தசைசர் இன்னொன்று. இது சத்தத்தை உருவாக்கவும் மாற்றவும் செய்யப்பட்ட கருவி. டிரம்ஸ், பேஸ் கிட்டார், தபேலா எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிற இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பவர் இதைத்தான் தேடுவார். ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10 போன்றவற்றை மேடைகளில் பார்த்திருப்பீர்கள். "பெரிய குரூப்காரங்க அதத்தான் வச்சிருக்காங்க" என்று அதை வாங்கி வீட்டில் தனியாக உட்கார்ந்தால், பின்னணி எங்கே என்று தேடவேண்டி வரும்.

மூன்றாவதுதான் நம் ஆட்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது: அரேஞ்சர் கீபோர்ட். இடது கையால் நீங்கள் பிடிக்கும் சுரங்களைக் கேட்டு, அதற்கேற்பத் தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் சேர்ந்த பின்னணியை ஓட்டும் கருவி.

இதற்கு ஓகன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது முழுத் தவறும் இல்லை. 1959 இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பனி சைட் மேன் என்றொரு தாளப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. வீட்டில் ஓகன் வாசிப்பவர் பக்கத்தில் வைத்துக்கொள்ள, தாளம் மட்டும் அடிக்கும் அலுமாரி மாதிரியான சாமான் அது. பிறகு அந்தத் தாளப்பெட்டி ஓகனுக்கு உள்ளேயே போனது. இடது கைக்குப் பேஸும் சேர்ந்தது. அரேஞ்சர் அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை. ரோலண்டின் ஈ-20 வந்தது 1988 இல். இன்றைய அரேஞ்சரின் அடையாளங்கள் பலவற்றை அதிலேயே பார்க்கலாம்.

ஆக, பியானோ படிக்கப் பியானோ, குழுவில் வாசிக்கச் சிந்தசைசர், தனி ஆளாக நின்று ஒரு குழுவின் ஓசையைக் கொண்டுவர அரேஞ்சர். இந்த மூன்றாவது ஆள்தான் நீங்கள் என்றால் மேலே வாசியுங்கள்.

## தப்புச் செட்டைப் பாருங்கள்

காமன் கூத்திலோ திருவிழா ஊர்வலத்திலோ தப்பு மேளம் அடிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் நிற்கிற மூத்தவர் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. அடியை ஒரு மாதிரி மாற்றுவார், மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போவார்கள். சாமி தூக்குகிற நேரம் வந்தால் அடி கனக்கும். நடக்கும்போது இளகும். முடிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு அடி. செட்டுக்கு எல்லா அடியும் ஏற்கனவே தெரியும். எப்போது எது என்பதை மட்டும் மூத்தவர் முடிவு செய்கிறார்.

அரேஞ்சரில் அந்த மூத்தவர் நீங்கள். உள்ளே இருக்கும் செட்டுக்குப் பெயர் ஸ்டைல். ஸ்டைல் என்றால் ஒரு குறிப்பிட்ட நடையில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், வயலின் கூட்டம் எல்லாம் என்ன வாசிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த தொகுப்பு. யமஹாவிலும் கோர்க்கிலும் ஒரு ஸ்டைலுக்குள் எட்டுத் தடங்கள் வரை இருக்கும், அதாவது எட்டு ஆட்கள்.

பாட்டு நகர்வதற்கேற்ப அந்த எட்டுப் பேரையும் நடத்தப் பட்டன்கள் உண்டு. இன்ட்ரோ பாட்டைத் தொடக்கி வைக்கும். மெயின் ஏ, பி என்று வரிசையாகப் போகும்போது பின்னணி தடித்துக்கொண்டே வரும். பல்லவிக்கு ஏ, சரணத்துக்கு பி, கடைசிச் சுற்றுக்கு டி என்று வைத்துக்கொள்ளலாம், மலிவான பெட்டிகளில் ஏ, பி இரண்டோடு நின்றுவிடும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது டிரம்ஸில் ஒரு உருட்டு வருமே, அதுதான் ஃபில்-இன். எண்டிங் முடித்து வைக்கும். எண்டிங் பட்டனும் ஃபில் பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பெட்டியில், தாலி கட்டி முடிந்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டின் நடுவிலேயே எண்டிங்கை அமுக்கி முழுக் "குழுவையும்" நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. பாடிக்கொண்டிருந்த அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

## இடது கை என்ன சொல்கிறது?

இதுதான் கட்டுரையின் நடுமுதுகெலும்பு. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒன்றாக ஒலிக்கும்போது இனிக்கிற சுரக் கூட்டத்துக்குக் கோட் என்று பெயர். மிக எளிமையானது மூன்று சுரம். சி கட்டையை ச என்று வைத்தால் ச, க, ப மூன்றையும், அதாவது சி, ஈ, ஜி கட்டைகளை, சேர்த்து அழுத்துவது சி மேஜர் கோட். நடுவிலுள்ள க-வை மட்டும் ஒரு கட்டை இறக்கினால், பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போனால், அது சி மைனர். சிரித்த முகம் வாடுகிற மாதிரி இருக்கும். ஒரேயொரு சுரம்தான் மாறியது.

அரேஞ்சரில் கட்டைப் பலகை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அதற்குப் பிரிப்புப் புள்ளி என்று பெயர். அதற்கு இடப்பக்கம் நீங்கள் அழுத்துவதைப் பெட்டி கோட் என்று எடுத்துக்கொள்ளும். வலப்பக்கம் வழக்கம்போல மெட்டு.

பின்னணியில் பேஸ் வாசிப்பவர் நான்கு அடி வாசிக்கிறார் என்று வையுங்கள். அதைப் பெட்டி "சி, ஜி, சி, ஈ" என்று பெயர் சொல்லி நினைவில் வைத்தால், கோட் மாறும்போது தலைகீழாகிவிடும். அதனால் அது உறவுமுறை சொல்லி வைத்துக்கொள்கிறது.

நம் லயன் வீடுகளை, தோட்டத்து வரிசை வீடுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். "காலையில அப்பா அடுப்பு மூட்டணும், மூத்தவன் தண்ணி எடுக்கணும், திரும்ப அப்பா கதவத் திறக்கணும், அம்மா ரொட்டி தட்டணும்" என்று ஒரு வேலைப் பட்டியல். எந்த வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது செல்லும், ஆட்களின் பெயர் மட்டும் மாறும். கோட்டில் ச தான் அப்பா, அதாவது மூலச் சுரம். க அம்மா. ப மூத்த பிள்ளை. பேஸின் பட்டியல் "அப்பா, மூத்தவன், அப்பா, அம்மா" என்று இருந்தால், சி மேஜர் வீட்டில் அது சி, ஜி, சி, ஈ ஆகும். நீங்கள் இடது கையை எஃப் மேஜருக்கு நகர்த்தினால் எஃப், சி, எஃப், ஏ. ஏ மைனர் பிடித்தால் ஏ, ஈ, ஏ, சி. பட்டியல் ஒன்றே. வீட்டை மாற்றியது உங்கள் இடது கை.

கிட்டாருக்கும் வயலினுக்கும் இதே கதைதான். யமஹா ஸ்டைல்கள் பொதுவாகச் சி மேஜர் 7 என்ற ஒரே கோட்டில் எழுதப்பட்டவை; மற்ற எல்லாக் கோட்டுக்கும் பெட்டிதான் கணக்குப் போட்டு மாற்றிக் கொடுக்கிறது. டிரம்ஸுக்கு மட்டும் இந்த மாற்றம் கிடையாது. டிரம்ஸ் தடத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒரு வாத்தியம். அதையும் கோட்டோடு சேர்த்து நகர்த்தினால் பெரிய டிரம் அடிக்க வேண்டிய இடத்தில் வேறேதோ கிலுங்கும்.

இப்போது "தானா வாசிக்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். பட்டியலை நிறைவேற்றுவது பெட்டி. எந்த வீடு என்று சொல்வது நீங்கள். தவறான வீட்டைச் சொன்னால் எட்டுப் பேரும் சேர்ந்து, தாளம் தப்பாமல், முழுச் சத்தத்தில் தவறாக வாசிப்பார்கள். நேரம் தப்பினாலும் அப்படித்தான். கோட்டைச் சற்றுப் பிந்திப் பிடித்தால் பேஸ் பழைய வீட்டு வாசலில் ஒரு அடி வைத்துவிட்டுப் புது வீட்டுக்குத் தாவும். கேட்பவருக்கு இடறுவதுபோல இருக்கும். பழகியவர்கள் ஒரு மயிரிழை முன்னாலேயே கையை வைத்துவிடுவார்கள்.

மூன்று விரல் வைக்கத் தெரியாதவருக்குக் குறுக்குவழி உண்டு. காசியோவில் ஒரு கட்டை மட்டும் அழுத்தினால் மேஜர். அதற்கு வலப்பக்கம் வேறெந்தக் கட்டையையும் ஒன்று சேர்த்தால் மைனர். யமஹாவில் ஒரு கட்டையோடு இடப்பக்கம் அருகிலுள்ள கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர். முதல் மாதம் இது உதவும். அதிலேயே தங்கிவிட்டால் வேறு கம்பனிப் பெட்டியில் உட்காரும் நாளில் கை தடுமாறும். முழுக் கோட் பிடிக்கப் பழகுங்கள் என்பதுதான் என் பிடிவாதம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்டைல் என்பது உறவுமுறையில் எழுதிய வேலைப் பட்டியல். கோட் என்பது எந்த வீடு என்ற விலாசம். அரேஞ்சர் இரண்டையும் சேர்த்துப் பின்னணி ஆக்குகிறது. ஆகவே உங்கள் பாட்டின் நடைக்கு ஸ்டைல் இல்லாத பெட்டி, எவ்வளவு விலை கொடுத்தாலும் உங்களுக்கு அரேஞ்சர் இல்லை.

## பாட்டை வாயால் அளந்து பாருங்கள்

நடை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். நீங்கள் அடிக்கடி வாசிக்கப்போகும் பத்துப் பாட்டைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே தொடையில் தட்டுங்கள். "தகதிமி தகதிமி" என்று வாய் ஒத்துப்போனால் அது நாலு நடை. பெட்டியில் 4/4 என்று போட்டிருக்கும். "தகிட தகிட" என்று ஆடிக்கொண்டே போனால் 6/8. "தகிட" மூன்றும் தனித்தனியாக, முதல் அடி கனத்து, நிதானமாகப் போனால் 3/4. "தகிட தகதிமி" என்று ஏழாக வந்தால் அது மிஸ்ர நடை. அதற்குப் பொதுவாகக் கடைப்பெட்டியில் ஸ்டைல் தேடாதீர்கள், தபேலா வாசிக்கிற நண்பரைக் கூப்பிடுங்கள்.

இந்த ஒரு தாள்தான் கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக் கல்யாண வீட்டை எடுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் தமிழ்ச் சினிமாப் பாட்டு. பிறகு மாப்பிள்ளையோடு வேலை செய்கிற சிங்கள நண்பர்கள் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு இரண்டு பாட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் சேர்த்துப் பைலா. பைலா என்ற இந்த ஆட்டப்பாட்டு போர்த்துக்கீசர் காலத்து ஒட்டுறவிலும், ஆப்பிரிக்க வழிவந்த காப்பிரியரின் இசையிலும் வேர்விட்டு இலங்கையில் வளர்ந்தது. அது "தகிட தகிட" நடை. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்த பெட்டியில் 6/8 ஸ்டைல் கொஞ்சந்தான் இருக்கும். இத்தாலிய டரன்டெல்லா ஆட்டமோ ஒரு மார்ச்சோ கிடைக்கும். எண்ணிக்கை பொருந்தும், இடுப்பு அசையாது. ஆகவே கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வெளியிலிருந்து ஸ்டைலை உள்ளே ஏற்ற முடியுமா? நம் நாட்டு வாசிப்பாளர்கள் பென் டிரைவில் கைமாற்றிக்கொள்கிற பைலா ஸ்டைல்கள் பெரும் சொத்து. ஆனால் ஒரு கம்பனியின் ஸ்டைல் கோப்பு இன்னொரு கம்பனியின் பெட்டியில் அப்படியே ஓடாது. உங்கள் வட்டாரத்தில் கூட்டாளிகள் எந்தக் கம்பனி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவது இதனால்தான் புத்திசாலித்தனம்.

கல்யாணத்துக்கு இன்னொன்றும் முக்கியம்: ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. ஸ்டைல், வேகம், வலக்கைச் சவுண்ட், சத்த அளவு எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேமித்து, வேண்டும்போது ஒரே தட்டில் திரும்ப எடுப்பது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் போகும்போது இது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கோயில் வேறு உலகம். பஜனை மெதுவாகத் தொடங்கி, போகப் போகச் சூடு பிடிக்கும். ஸ்டைல் அப்படி ஏறாது. வைத்த வேகத்திலேயே ஓடும். டாப் பட்டன் இருந்தால் அதைத் தட்டி வேகத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். பாட்டுக்கு முன்னால் விருத்தம் பாடுவார்கள்; அதற்குத் தாளமே கிடையாது. ஸ்டைலை நிறுத்தி, வயலின் கூட்டச் சவுண்டில் மெல்லப் பின்தொடர்ந்து, விருத்தம் முடிந்ததும் இடது கை கோட்டை வைத்த நொடியில் தாளம் பிடிக்க வேண்டும். அதற்கு உதவுவது சிங்க் ஸ்டார்ட் பட்டன். பிறகு பாடுகிறவர் "அரைக் கட்டை ஏத்துங்க" என்பார். இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு. டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்கு: உங்கள் விரல்கள் அதே இடத்தில் இருக்க, ஒலி அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறும், இறங்கும். பின்னணியும் கூடவே நகரும். ஒரு கட்டைக்காரரும் ஐந்தரைக் கட்டைக்காரரும் மாறி மாறிப் பாடும் மேடையில் இது இல்லாமல் முடியாது.

கோயிலுக்கு இந்திய மாடல்கள் ஒத்துவரும். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ500, காசியோவின் சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்றவை இந்தியச் சந்தைக்கென்றே செய்தவை. தபேலா, தம்புரா, சித்தார் மாதிரியான ஒலிகளும் இந்தியத் தாளங்களும் உள்ளே இருக்கின்றன. தப்பையும் உறுமியையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு ஆள்தான் வேண்டும், ஆளும் நம்மிடம் உண்டு.

ராகத்தில் அமைந்த பக்திப் பாடல்களில் ஒரு பொறி இருக்கிறது. மாயாமாளவகௌளையில் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது, பழக்கதோஷத்தில் சி-யிலிருந்து ஜி மேஜருக்குக் கையை வைத்தால், அந்தக் கோட்டுக்குள் இருக்கும் டி கட்டை ராகத்துக்குள் இல்லாத ரி. எட்டுப் பேரும் சேர்ந்து அதை வாசிப்பார்கள், பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார். இப்படியான இடங்களில் ச-வும் ப-வும் மட்டும் பிடித்துப் பாருங்கள். யமஹா இதை மேஜர், மைனர் என்ற பேதம் இல்லாத கோட்டாக ஏற்றுக்கொள்ளும். அம்மா இல்லாத வீடு, பின்னணி தம்புரா மாதிரிச் சும்மா நிற்கும். ஹிந்தோளத்தில் ப-வே இல்லை, அங்கே ச-வையும் மேல் ச-வையும் மட்டும் பிடிக்கலாம்.

சர்ச்சுக்கு வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது சிலருக்குப் பிடிப்பதில்லை. கீர்த்தனைகளுக்கும் நத்தார் கரோலுக்கும் ஸ்டைல் அழகாக இருக்கும். பழைய ஞானப்பாட்டுகளுக்கு வேண்டாம். அவற்றில் அடிக்கு அடி கோட் மாறும், வரி முடிவில் சபை மூச்சு வாங்க நிற்கும். பெட்டி நிற்காது. அங்கே நல்ல ஓகன் சவுண்டும் இரண்டு கையும் போதும். அதனால் சர்ச்சுக்கு ஸ்டைலின் எண்ணிக்கையை விட ஒலியின் தரத்துக்கும், பலகையின் நீளத்துக்கும் காசு கொடுங்கள். 61 கட்டையை விட 76 கட்டை வசதி.

கர்நாடக சங்கீதம் படிக்கிறவருக்கு அரேஞ்சர் தேவையா? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. கமகம் என்பது சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான அசைவு. கட்டையோ நின்ற இடத்தில் நிற்கும். பிட்ச் பென்ட் என்ற சக்கரம் ஒலியை, வழக்கமாக இரண்டு அரைக் கட்டை வரை, மேலும் கீழும் வளைக்கும். சென்னையின் கே. சத்யநாராயணன் மாதிரிக் கீபோர்டிலேயே கச்சேரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பல வருட உழைப்பு, அங்கே ஸ்டைலுக்கு வேலையே இல்லை. இந்த வழிக்குப் போகிறவர் ஸ்டைலை மறந்துவிட்டு, பிட்ச் பென்ட் சக்கரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கட்டும். மலிவான மாடல்கள் பலவற்றில் அது கிடையாது.

சினிமாப் பாட்டை வீட்டில் ஆசைக்கு வாசிக்கிறவருக்கு இவ்வளவு கவலை இல்லை. தொடக்கநிலைப் பெட்டி எதுவும் 4/4 ஸ்டைல்களை அள்ளிக் கொடுக்கும்.

## கடைக்காரர் சொல்லும் எண்கள்

அறுநூறு சவுண்டுக்கு வருவோம். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஈ373 தொடக்கநிலைப் பெட்டி; அதில் 622 வாய்ஸ், 205 ஸ்டைல். வாய்ஸ் என்றால் ஒரு வாத்தியத்தின் ஒலி. அந்த 622 இல் 339, அதாவது பாதிக்கு மேல், எக்ஸ்ஜி லைட் என்ற பொதுத் தொகுப்பைச் சேர்ந்தவை. வேறு கருவிகளில் செய்த பாட்டுக் கோப்பு இங்கேயும் சரியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக வரிசைப்படுத்தி வைத்தவை. 1991 இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கில் 128 ஒலிகளுக்கு நிரந்தர எண் கொடுத்தார்கள். இந்தப் பழக்கம் அங்கிருந்து வருகிறது. அது நல்ல பெட்டிதான். ஆனால் நீங்கள் வருடம் முழுக்க எடுக்கப்போவது பத்துப் பதினைந்து வாய்ஸ். அந்தப் பதினைந்து எப்படி ஒலிக்கின்றன என்று கேளுங்கள். குறிப்பாகப் புல்லாங்குழல், வயலின், தபேலா. மூன்றும் காதை ஏமாற்றுவது கஷ்டம்.

பொலிஃபனி என்ற எண்ணைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்கள் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்க முடியும் என்பது அது. 48 என்றால் போதுமே, விரல் பத்துத்தானே என்று தோன்றும். ஸ்டைலின் எட்டுப் பேரும் அதே கணக்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். வலக்கையில் இரண்டு வாய்ஸைச் சேர்த்து, சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலையும் மிதித்துப் பிடித்தால், முந்திய சுரங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். வீட்டில் தெரியாது, மேடையில் தெரியும்.

டச் ரெஸ்பான்ஸ் என்பது மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிப்பது. இது இல்லாத பெட்டி பிள்ளைகள் விளையாட மட்டும். ஆர்மோனியத்திலிருந்து வருகிற பெரியவர்களுக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும், அணைத்தும் வைக்கலாம்.

பெரிய பெட்டிகள் வேறு தரம். யமஹாவின் எஸ்எக்ஸ் வரிசை, கோர்க்கின் பிஏ வரிசை, உச்சியில் 2023 இல் வந்த ஜீனோஸ் 2. ஒலியும் ஸ்டைலும் நிஜக் குழுவை நெருங்கும். வாசித்துச் சம்பாதிக்கிறவருக்கு அது முதலீடு. கோட் மூன்றுகூடப் பழகாதவர் அதை வாங்கினால், அழகான பட்டியல் கையில் இருக்கும், விலாசம் சொல்ல ஆள் இருக்காது.

## மலைக்கு வந்த பிறகு

தோட்டத்தில் ஓகன் வைத்திருப்பவருக்குப் பனியும் இடியும் தனிப் பாடம். கட்டைகளுக்கு அடியில் ரப்பர் தொடுகைகள் இருக்கின்றன. ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் முதலில் ஒரு கட்டை ஓங்கி ஒலிக்கும், பிறகு ஊமையாகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே பனிக்காலத்தில் சுவரே வியர்க்கும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், துணியால் மூடி வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அடாப்டரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை அணைப்பது போதாது.

கரண்ட் போகும் ஊர்களுக்கு, பட்டரியில் ஓடும் பெட்டி வசதி. தொடக்கநிலைப் பெட்டிகள் பலவற்றில் அந்த இடம் உண்டு, பெரிய பெட்டிகளில் இராது. லயன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளன வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர் படுத்திருப்பார். ஹெட்போன் ஒன்றை ஓகனோடு சேர்த்தே வாங்குங்கள்.

பழைய ஓகன் எடுப்பதில் தவறில்லை, நானே எடுத்திருக்கிறேன். எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக, மெல்லவும் ஓங்கியும், அழுத்திப் பாருங்கள். சத்தம் கூட்டும் குமிழைத் திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசி, அது சரிசெய்யலாம். அடாப்டர் அதற்குரியதுதானா என்பதைக் கட்டாயம் பாருங்கள். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டரைப் பழைய காசியோவில் செருகி, புகை வந்த பிறகு கொண்டுவருகிறார்கள். வோல்ட் மட்டுமல்ல, முள்ளின் பிளஸ் மைனஸும் அங்கே மாறியிருக்கலாம்.

அந்தப் பொகவந்தலாவைத் தம்பி ஒரு வாரம் கழித்துப் பத்துப் பாட்டின் பெயரை அனுப்பினான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தகதிமி, தகிட என்று எழுதியிருந்தான். ஆறு "தகிட".

"இந்தத் தாளக் கொண்டுபோய் 6/8 ஸ்டைல் எத்தன இருக்குன்னு கேளு," என்றேன்.

சாயந்தரம் திரும்ப எடுத்தான். "அண்ணே, கடையில இருக்கிற பையனுக்கு 6/8னா என்னன்னே தெரியல."

"நீ வாயால சொல்லிக் காட்டு."

"காட்டினேன்ணே. அவன் ஒவ்வொரு ஸ்டைலாப் போட்டுக்கிட்டே வந்தான், நான் தகிட தகிடன்னு தட்டிக்கிட்டே நின்னேன். பின்னால ரெண்டு பேரு ஆட ஆரம்பிச்சிட்டாங்க."

"எந்தப் பெட்டிக்கு?"

"ரெண்டாவது பெட்டிக்கு. அறுநூறு சவுண்ட் பெட்டிக்கு இல்ல."